அலமாரிக்கு முன்னால் ஒரு கொண்டை

மாப்பிள்ளை கண்ணாடிக்கடைக்குள் நுழைந்தபோது அவள் ஒரு பெரியவருடைய மூக்கின்மேல் பிரேமை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அவளை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து வாயைப் பிளந்தார். எழுத்துப் பலகையில் கீழ் வரி தெரியவே இல்லை என்று இவ்வளவு நேரமும் அடம்பிடித்த மனுஷனுக்கு, வாசலில் நின்ற சினிமா நடிகன் மட்டும் பளிச்சென்று தெரிந்துவிட்டான்.

மாப்பிள்ளை என்றால் யார் வீட்டு மாப்பிள்ளையும் இல்லை. நாடகக் குழுவில் அவன் போட்ட முதல் வேஷம் கல்யாண மாப்பிள்ளை. மேடைக்கு வந்து உட்கார்ந்து, பெண் வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அதையும் சொதப்பினான். பெண் வருவதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு சினிமாவுக்குப் போனான். கதாநாயகனுக்கு நண்பன், கதாநாயகிக்கு அண்ணன், வில்லனிடம் முதலில் அடி வாங்குகிறவன். ஜனங்களுக்கு முகம் தெரியும், பேர் சட்டென்று வாயில் வராது. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் நூலக மண்டபத்துக்கு வந்து 'பாதி அலமாரி' நாடகத்தில் அவளோடு நடித்துவிட்டுப் போவான். சினிமாவில் அவனுக்குச் சும்மா இருக்கும் சனிக்கிழமைகள் நிறையவே இருந்தன.

"டாக்டரம்மா, ஒரு நல்ல சேதி," என்றான். கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிறவள் என்பதால் குழுவில் அவளுக்கு அந்தப் பேர்.

"முதல்ல அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டு. கடைக்குள்ள வெயில் அடிக்கல."

கழற்றினான். "நம்ம நாடகத்தைப் படமா எடுக்கப்போறேன். டைரக்‌ஷன் நானே. என்னோட முதல் படம். காதல் படம்."

"நம்ம நாடகத்துல காதல் எங்கப்பா இருக்கு? ரெண்டு பேரும் சாமானைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போறோம்."

"பிரியறதும் காதல்தான் டாக்டரம்மா. புரொடியூசர்கிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்து கை குலுக்கினார். பெரியவர் பிரேமோடேயே வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். 'நம்ம நாடகம்' என்று அவன் சொன்னதில் தானும் இருக்கிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தப்பு யார்மேல் என்று கேட்டால் நான் அவன்மேல்தான் போடுவேன். கேட்காமல் இருக்க அவளுக்கு உரிமை இருந்தது. சொல்லாமல் இருக்க அவனுக்கு இல்லை.

அவள் நாடகத்துக்கு வந்ததே ஒரு கண்ணாடியால்தான். குழுவின் மானேஜர் பழைய கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு, புதுசுக்குக் கொடுத்திருந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு ஒத்திகை நடக்கும் இடத்துக்குப் போனாள். கதாநாயகி வேஷக்காரி வரவில்லை. அவளுக்குப் பதிலாக வசனத்தைப் படித்துக் காட்ட வேண்டிய மானேஜருக்கோ கண் தெரியவில்லை. புதுக் கண்ணாடியிலும் பவர் ஏதோ இசகுபிசகாகி, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. "நீயே படிம்மா, உன் கடை பண்ணின வேலைதானே," என்று காகிதத்தை அவள் கையில் திணித்தார். அவள் படித்தாள். கதாநாயகி வேஷக்காரி அதற்குப் பிறகும் வரவில்லை. வந்திருந்தாலும் வேஷம் திரும்பக் கிடைத்திருக்காது.

கதை இதுதான். புருஷனும் பெண்டாட்டியும் பிரிவதென்று தீர்மானித்துவிட்டு, வாடகை வீட்டைக் காலி பண்ண ஒரு சாயங்காலம் வருகிறார்கள். பாத்திரம் உனக்கு, ரேடியோ எனக்கு என்று பிரிக்கிறார்கள். சண்டை, சிரிப்பு, பழங்கதை. கடைசியில் அலமாரியிலிருந்து அவள் பங்குத் துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுகிறாள். பாதி காலியான அலமாரி முன்னால் அவன் நிற்பான், திரை இறங்கும். இரண்டே பேர். பன்னிரண்டு வருஷம்.

இரண்டு பேர் நாடகத்தில் ஒருவன் வசனத்தை மறந்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மாப்பிள்ளை மறப்பான். கூட்டம் நல்ல கூட்டமாக இருந்தால் இன்னும் நன்றாக மறப்பான். திடீரென்று கண்ணிலிருந்து ஆள் காணாமல் போவான், அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே அவன் சொல்ல வேண்டியதை ஒரு கேள்வியாக மாற்றி அவன்மேல் போடுவாள். "என்ன, மாற்றல் உத்தரவு வந்துடுச்சா? அதைச் சொல்லத்தான் இந்த முழி முழிக்கிறீங்களா?" ஜனங்கள் சிரிப்பார்கள், அவனுக்கு மூச்சு வரும், வசனமும் வரும். குழுவில் இதற்குத் தாங்குறது என்று பேர். நன்றாக வந்துவிட்டால் அடுத்த வாரமும் அப்படியே பேசுவார்கள். இப்படித் தாங்கித் தாங்கியே நாடகத்தில் அவள் வாயில் பிறந்த வரிகள் ஒரு கூடை தேறும்.

தாங்குவதற்கு ஒரு மரியாதை உண்டு. தாங்கியவர் அதைப்பற்றிக் கீழே இறங்கி வாய் திறக்கக்கூடாது. தாங்கப்பட்டவர் நன்றி சொல்லக்கூடாது. நன்றி சொன்னால் மறந்தது நிஜம் என்று ஆகிவிடும், அடுத்த தடவை மேடை ஏறும்போது கால் நடுங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் நன்றி சொல்லாமலே ஓட்டினால் மனுஷனுக்கு நடந்ததே நினைவில் நிற்காது. தான் மறக்கிறவன் என்பதையே மாப்பிள்ளை மறந்துவிட்டான். அவளுக்கு அது ஒவ்வொன்றும் நினைவிருந்தது.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நாடகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். "உன் மேடைப் புருஷனை விட்டுட்டுப் போறப்ப அந்த அழுகை அழுறே. நான் அஞ்சாவது மாடியில லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு போன் வந்தப்ப, 'சாப்பாட்டு டப்பா உள்ள இருக்கா, வெளியில இருக்கா'ன்னு கேட்டவதானே நீ?" என்றார். அதோடு சரி. ஆனால் சனிக்கிழமை சமையல் அவருடையது, எந்த மழையிலும் மண்டப வாசலில் வண்டியோடு நிற்பதும் அவர்தான். அந்த மனுஷனைப்பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலையில், காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் போனை நீட்டினாள். "அம்மா, உன் வேஷத்துக்கு வேற ஆள் போட்டுட்டாங்க." படத்தில் மாப்பிள்ளை ஒரு பெண்ணோடு நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நாலு இருக்கும். அவள் போனைத் தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே பிடித்துப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கா," என்றாள். அன்றைக்குக் கடையில் வலது கண் பவரை இடது கண்ணில் போட்டு ஒருவருக்குக் கொடுத்தனுப்ப, அவர் தலைசுற்றி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் செய்தி பார்த்திருந்தார்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பிறகு அவனே பேசினான்.

"புரொடியூசர் பிடிவாதமா இருக்கார் டாக்டரம்மா. காதல் படம். ஸ்கிரீன்ல வயசு தெரியும்ங்கறார்."

"உனக்கும் எனக்கும் ரெண்டு வயசுதானேப்பா வித்தியாசம்?"

"ஆம்பளைக்கு அது தெரியாது."

"தெரியாதுன்னு யார் சொன்னது? கடைக்கு வா, தெரியுதா இல்லையான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்களை விட்டுடுவேனா? வீட்டுக்காரம்மான்னு ஒரு கேரக்டர் புதுசா எழுதியிருக்கேன். பொண்டாட்டி போன பிறகு வந்து சாவி கேக்குறவங்க. ஒரே சீன். ஆனா படமே அதுலதான் நிக்குது."

அந்த வாரமே மானேஜர் வந்து கடையில் நின்றார். படம் எடுக்கிறவர்கள் உரிமையை மொத்தமாக வாங்கிவிட்டார்களாம். 'பாதி அலமாரி'யை இனி எந்த மேடையிலும் போடக்கூடாதாம். நாடகத்தை எழுதியவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றாள்.

"நம்மகிட்ட கேக்க என்னம்மா இருக்கு? எழுதினது அவர். நாம நடிச்சோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பகலெல்லாம் 'இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டுக் கேட்டே கழிகிற ஒரு பெண்ணுக்கு, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஊர் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது போயிற்று. மிச்சம் இருந்தது அந்த ஒரு சீன். அது படத்தில் இருந்துவிட்டால், தான் பேசினது எங்கேயோ ஒரு இடத்தில் அழியாமல் நிற்கும், மகளின் பிள்ளைகள்கூடப் பார்க்கலாம். அந்த ஒரு சீனை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. லிப்ட் மெக்கானிக்தான் மாப்பிள்ளை. "சாவியைக் குடு தம்பி, வேற ஆள் வர்றாங்க" என்று அவள் கேட்டால், அவர் பாக்கெட்டைத் தடவிவிட்டு, "ஸ்பானர்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த நாட்களில் அந்த வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது.

படப்பிடிப்பு ஒரு பெரிய கொட்டகைக்குள். அங்கே மேடையில் இருந்த அதே வீட்டைப் பணம் கொட்டிக் கட்டியிருந்தார்கள். அதே அலமாரி, ஆனால் புதுசாகச் செய்து பழசாக்கியிருந்தது. மேடையில் மூன்று சுவர். இங்கே நாலு சுவரும் இருந்தன, வேண்டிய சுவரைக் கழற்றிக்கொண்டார்கள். காலையில் போய் உட்கார்ந்தவளை மத்தியானம் கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஒரு சின்ன மைக்கை அவள் கழுத்தோரம் துணிக்குள் மறைத்துப் பொருத்தினார்.

"சத்தமா பேச வேண்டாம்மா. நீங்க மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்."

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மண்டபத்தில் மைக்கே கிடையாது. மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் அடிவயிற்றிலிருந்து பேசிப் பழகியவள். கேமரா ஓடினால் மைக்கும் ஓடும், நின்றால் நிற்கும் என்று எண்ணிக்கொண்டாள். திரை இறங்கினால் எல்லாம் அணைந்துபோகிற இடத்திலிருந்து வந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அலமாரிக் கதவு திறந்திருந்தது. ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் காலி. அதன் முன்னால் மாப்பிள்ளை, கையில் சாவியோடு. அவள் வாசலில் வந்து நின்றாள்.

"சாவியைக் குடு தம்பி. வேற ஆள் வர்றாங்க."

இப்போது அவன் பேச வேண்டும். நீளமான வசனம், அவனே எழுதியது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கண்ணிலிருந்து ஆள் காணாமல் போனான்.

சினிமாவில் இதற்கெல்லாம் யாரும் பதற மாட்டார்கள். கட் சொல்லி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி எடுப்பார்கள். அவளுக்கு அது தெரியும், ஆனால் அவள் உடம்புக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? அவள் ஒரு எட்டு உள்ளே வைத்தாள்.

"என்ன தம்பி, அலமாரியையா பாக்குறே? இல்ல, அவ துணி எடுத்துட்டுப் போன எடத்தைப் பாக்குறியா?"

எந்தக் காகிதத்திலும் இல்லாத வரி. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. அவன் முகம் கலங்கியது. நடிப்பாக இல்லாமல் கலங்கியது. பிறகு வசனம் தடதடவென்று வந்தது, கண்ணீரும் வந்தது, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். கட் சொல்ல வேண்டியவனே அழுதுகொண்டிருந்ததால் கொஞ்ச நேரம் யாரும் கட் சொல்லவில்லை. அப்புறம் கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

மாப்பிள்ளை ஓடிப்போய், எடுத்ததைக் காட்டும் டிவியில் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தான். "பின்னிட்டீங்க டாக்டரம்மா. இதுதான். இதுதான் எனக்கு வேணும்." அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேஷம் போனது, மேடை போனது எல்லாம் அந்த நிமிஷம் சின்னதாகிவிட்டது.

அடுத்த கோணத்துக்கு விளக்குகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கதாநாயகிப் பெண் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கெட்ட பெண் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வேலையே இல்லை. இந்த சீனைப் பார்க்கவென்றே வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, அந்த அலமாரி லைன் ஸ்கிரிப்டுல இல்லையே. எப்படி வந்துச்சு?"

இங்கேதான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். 'சும்மா வந்துச்சும்மா' என்றால் முடிந்தது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் முடித்தாள். ஆனால் கேட்டவள் தன் வேஷத்தைப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்; கேட்ட நேரம் கைதட்டல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் நேரம். அவள் குனிந்து, காதோடு காதாக, வாழ்க்கையிலேயே மிக மெல்லிய குரலில் பேசினாள்.

"மறந்துட்டாம்மா அவன். வேற என்ன? அவன் எழுதின வசனம், அவனுக்கே நிக்கல. நாடகத்துல இவன் மறக்காத நாள் கிடையாது. நான் தாங்கலேன்னா இவனுக்கு நாடகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஜனங்க கை தட்டுற வரியில பாதி என் வாயில வந்தது. இப்ப டைரக்டராம்!"

சொன்னதும் இனித்தது. இத்தனை வருஷம் நாக்கடியில் வைத்திருந்ததைத் துப்பின இனிப்பு. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். கதாநாயகிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொட்டகையின் அந்தக் கோடியில், டிவிக்கு முன்னால், மாப்பிள்ளையும் புரொடியூசரும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். புரொடியூசர் திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. உதவி டைரக்டர் வந்து கூப்பிட்டதும் எழுந்து போய்ப் பழையபடி வாசலில் நின்றாள். இந்தத் தடவை கேமரா அவளுக்குப் பின்னால் இருந்தது.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மேடம்," என்றான் மாப்பிள்ளை. "சும்மா நில்லுங்க. போதும்."

மேடமா? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேமராக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். பிறகு அலமாரியின் முன்னால் போய் நின்றான். சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்துச் சொன்னான்: "நான் அலமாரியைப் பாக்கலம்மா. அவ துணி எடுத்துட்டுப் போன எடத்தைப் பாக்குறேன்."

நன்றாகவே சொன்னான். அதுதான் கொடுமை. அவனுக்குச் சொல்லத் தெரியும். சொல்வதற்கு ஏதாவது யாராவது கொடுத்துவிட்டால் போதும்.

மைக்கைக் கழற்ற வந்த ஒலிப்பதிவாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மைக் ஆன்லயே இருந்துச்சும்மா. நான் அணைச்சிருக்கணும்." அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாப்பிள்ளையைத் தேடினாள். அவன் காரில் ஏறிப் போயிருந்தான்.

இரண்டு நாள் கழித்துப் போனில் மன்னிப்புக் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமே இல்லை மேடம். நான் மறந்துட்டேன்," என்றான். அவன் மறக்கிறவன்தான்; ஆனால் இதை மறக்கவில்லை என்று குரலே சொன்னது. ஆனாலும் அவள் நம்பிக்கையை விடவில்லை. முதலில் எடுத்தது இருக்கிறதே! கொட்டகையே கைதட்டியதை எவனாவது தூக்கிப்போடுவானா? கோபம் வேறு, படம் வேறு. அவனுக்கு முதல் படம், நல்லதை விட மாட்டான். இப்படித் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மைக் சமாச்சாரத்தை வீட்டில் சொல்லவில்லை.

முன்னோட்டம் வந்தது. அதில் மாப்பிள்ளை அலமாரி முன்னால் நின்று அந்த வரியைச் சொன்னான், கண்ணில் நீர் திரண்டது, பாட்டு ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் அந்த வரி ஊரெல்லாம் போயிற்று. பஸ்ஸில் பையன்கள் காலி சீட்டைக் காட்டிச் சொன்னார்கள். கடைக்கு வந்த ஒருத்தி, பிரேம் எடுத்துவிட்ட ஸ்டாண்டைப் பார்த்து, "நான் ஸ்டாண்டைப் பாக்கல" என்று ஆரம்பித்தாள். என்ன அழகாக எழுதியிருக்கிறான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள்.

"அம்மா, இது உன் சீன்தானே? நீ எங்கே?" என்றாள் மகள்.

"முன்னோட்டத்துல எல்லாத்தையும் காட்டுவாங்களா? முழு சீன் படத்துல வரும்."

படம் வந்த அன்றைக்கு முதலாளி கடையை மத்தியானமே அடைத்துவிட்டு ஒரு வரிசை டிக்கெட் எடுத்திருந்தார். அவருடைய மனைவி, கடையில் வேலை பார்க்கிற மற்ற இரண்டு பேர், மானேஜர், அவள், வீட்டுக்காரர், மகள். படத்துக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். அதில் மழை இருந்தது. நாடகத்தின் சாமான் பிரிக்கும் சண்டையெல்லாம் பாட்டுக்கு நடுவில் வந்து போயிற்று. "எப்ப வருவீங்க?" என்று முதலாளி மனைவி குனிந்து குனிந்து கேட்டாள். "இதோ, இதோ," என்றாள் அவள்.

வந்தது. அலமாரி, திறந்த கதவு, மாப்பிள்ளையின் முகம். திரையின் ஓரத்தில், மங்கலாக, ஒரு கொண்டையும் அரைத் தோளும். கொண்டை பேசவில்லை. "நான் அலமாரியைப் பாக்கலம்மா," என்று அவன் கொண்டையைப் பார்த்துச் சொன்னதும் தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. அவளுக்கு முன் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் அவளுக்கு ஒரு கணம் பழைய சனிக்கிழமைச் சந்தோஷம் எழும்பி வந்தது. வந்த வேகத்திலேயே அது வெறுப்பாகத் திரும்பியது. சீன் முடிந்துபோயிற்று.

"அது அம்மாவோட கொண்டை," என்று மகள் மெதுவாகச் சொன்னாள்.

முதலாளி மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் கதாநாயகி பெட்டியோடு மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். "போன துணியெல்லாம் ஈரமா திரும்பி வந்திருக்கு," என்றார் லிப்ட் மெக்கானிக். அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு போட்டார்கள். எழுந்த கூட்டம் எழுந்தபடி நின்றுவிட்டது. திரைக்கு முன்னால் மாப்பிள்ளை நின்றான், கையில் மைக்கோடு, பக்கத்தில் கதாநாயகிப் பெண். தியேட்டர் தியேட்டராகப் போய் நன்றி சொல்கிறானாம். கூச்சல் காதைப் பிளந்தது. "அலமாரி டயலாக்! அலமாரி டயலாக்!" என்று கத்தினார்கள்.

அவன் கையைத் தூக்கி அமர்த்தினான். கண்ணை மூடித் திறந்தான். அமைதியாயிற்று. வாயைத் திறந்தான்.

"நான்..."

அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் ஆள் இல்லை. இத்தனை ஜனங்களை நேருக்கு நேர் பார்த்து நின்று எவ்வளவு நாளாயிற்று அவனுக்கு! உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் சிரிப்பு உறைந்தது. இங்கே வரிசையில் நின்ற இவள் அடிவயிற்றிலிருந்து அந்த வரி எழும்பித் தொண்டைக்கு வந்து நின்றது. மைக் வேண்டியதில்லை. அவள் பேசினால் அந்தத் தியேட்டரில் கேட்காத காது இருக்காது.

பல்லைக் கடித்துக்கொண்டாள். மாட்டேன். நில். நின்று பார், தாங்க ஆள் இல்லாமல். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முதலாக அவனை விழ விட்டுவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விழவில்லை. "அலமாரியைப் பாக்கலம்மா!" என்று முன்வரிசையில் ஒருவன் எடுத்துக்கொடுத்தான். உடனே மொத்தத் தியேட்டரும் ஒரே குரலில் முழங்கியது: "அவ துணி எடுத்துட்டுப் போன எடத்தைப் பாக்குறேன்!"

மாப்பிள்ளை மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டி, தலையை அண்ணாந்து சிரித்தான். "நீங்க இருக்கறப்ப நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?" என்றான். மறுபடி விசில், மறுபடி கைதட்டல். கதாநாயகிப் பெண்ணும் தட்டினாள். முதலாளியும் மறந்துபோய்த் தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மகளும் கூட்டத்தோடு கூட்டமாகத் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். கத்தி முடித்த பிறகுதான் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தாள்.